நாலரைக் கட்டை

ஒரு நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.
கோப்பின் பெயரில் ஏற்காடு, டிசம்பர், எடுப்பு மூன்று.
நிரப்ப வேண்டிய கட்டங்கள்: வேகம், சுருதி, மனநிலை.
கோப்புக்குப் பதினான்கு ரூபாய்.

செவ்வாய்ப்பேட்டையில் என் அறைக்குக் கீழே கொலுசுப் பட்டறை.
ஒன்பதரைக்குச் சுத்தியல்கள் ஓய்ந்த பிறகுதான்
ஹெட்போனை மாட்டுவேன். இல்லாவிட்டால்
உலகத்தின் எல்லாப் பாட்டுக்கும் ஒரே வேகம் வந்துவிடும்.

முதலில் பெண்குரல், துணையில்லாமல்.
முந்நூறு வருஷத்துக்கு முன் ஐரோப்பாவில் யாரோ எழுதிய
அவரோகணமாய் இறங்கும் ஒரு வரி.
அது நாலு படி இறங்கியதும்
அடுத்த குரல் முதல் படியில் கால் வைக்கிறது.
பிறகு ஆண்கள்.
எல்லோருக்கும் பின்னால்
கொண்டை ஊசி வளைவில் கியர் மாற்றும் லாரியாக
பேஸ்.

ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி எண்ணினேன்.
அறுபத்தாறு.
இன்னொரு முறை தட்டினால் ஐம்பத்தெட்டு.
ஒவ்வொரு குரலும் நுழையும் முன்
தாளம் ஒரு மூச்சு தயங்குகிறது,
நாலு ரோட்டில் இருபுறமும் பார்த்து நிற்கிறவனைப் போல.

இணைத்திருந்த தாளில் ஜி மைனர். நம் கணக்கில் ஐந்து கட்டை.
காதில் விழுவதோ நாலரை.
எனக்குச் சிலிர்த்துவிட்டது.
அந்தக் காலத்தில் அங்கே பல ஊர்களில்
அரைக் கட்டை தாழ்த்தித்தான் சுருதி கூட்டினார்கள்
என்று எங்கோ படித்திருக்கிறேன்.
அட, மலைமேல் ஒரு சர்ச்சில்
இதையெல்லாம் பார்த்தா பாடுகிறார்கள்!
நாலு வரிக் குறிப்பு எழுதினேன், பெருமையாக.
அதற்குத் தனியாகக் காசு கிடையாது.

வேகம்தான் பிடிபடவில்லை.
தாளின் மூலையில் ஒரு எண். மறுநாள் அழைத்தேன்.
ஹெலன் குளோரி, பல் மருத்துவர்.
பின்னால் டிரில் ஏழு கட்டையில் ஓடிக்கொண்டிருந்தது.

"வேகமா? அன்னிக்குக் கரண்ட் போயிடுச்சுங்க.
கீபோர்டு செத்துப்போச்சு.
ஞாபகத்துல இருந்த சுருதியைப் பிடிச்சேன்.
ரெக்கார்டர் மட்டும் பேட்டரில ஓடுச்சு.
மணியடிக்கக் கூடாதுன்னு எல்லார் போனையும்
நான்தான் வெளிய வைக்கச் சொல்லியிருந்தேன்.
என்னோடது ஒண்ணு, அதுல டார்ச்.
சோப்ரானோ பாடிட்டு ஆல்ட்டோகிட்ட கொடுத்தாங்க,
அவங்க ஆரம்பிச்சதும் டெனர்கிட்ட போச்சு.
பேஸ் மரிய இருதயம், சேலம் பஸ்ல கண்டக்டர்,
சில்லறை வாங்குற மாதிரி கையை நீட்டி வாங்கிக்கிட்டார்.
வெளிச்சம் போனவங்க
கடைசியாப் பார்த்த எழுத்தையே இழுத்துக்கிட்டு நின்னாங்க."

நாலு வரியையும் அழித்தேன்.
மறுபடி கேட்டேன்.
முப்பத்தோராம் நொடியில் துணி உரசுகிறது.
ஐம்பதில் பெஞ்சில் முழங்கால் இடிக்கிறது.
யாரும் நிறுத்தவில்லை.

வழியெல்லாம் சாதாரண காந்தாரம்.
முடிகிற இடத்தில் அது மட்டும்
அரை விரல் மேலேறி அந்தர காந்தாரமாகிறது.
மற்ற சுரங்கள் தரையில் இருக்க
அது அந்தரத்திலேயே நிற்கிறது.
"அந்த இருட்டில் எல்லோரும் எப்படி ஒன்றாக?" என்று கேட்டிருந்தேன்.
"அது ஒண்ணுதாங்க தாள்ல இருக்கிறபடி வந்துச்சு" என்றார்.

பிறகு நாலு நொடி சும்மா ஓடுகிறது.
அதில் யாரோ, ரகசியமாக:
"கரண்ட் வந்துடுச்சா?"
இதையெல்லாம் வெட்ட வேண்டும் என்பது விதி.
வெட்டவில்லை.

வேகம்: அறுபத்தொன்று என்று போட்டேன்.
பொய்தான். கட்டம் எண்ணைத் தவிர எதையும் ஏற்காது.
சுருதி: நாலரை. காரணம் எழுத இடமில்லை.
மனநிலைக்குப் பட்டியல் விரிந்தது:
சோகம், மகிழ்ச்சி, பக்தி, அமைதி, வீரம், திகில்.

மொட்டை மாடிக்குப் போய் நின்றேன்.
வடக்கே மலையில் ஒற்றை வண்டி ஏறிக்கொண்டிருந்தது.
ஒரு வளைவில் வெளிச்சம் அணையும்.
அடுத்த வளைவில் அது வருகிறவரை
நானும் எதையோ இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

இறங்கி வந்து பட்டியலின் அடியில் கிடந்த
'பிற' என்பதை அழுத்தினேன்.

அடுத்த கோப்பு: பிரஷர் குக்கர், மூன்று விசில்.
வேகம், சுருதி, மனநிலை.